பிளேன் பிந்தினால், பெட்டி தொலைந்தால்: வன்னிக்காரர் கோபத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

தேசிய விமான சேவையான ஸ்ரீலங்கனைத் திட்டாத ஆள் இந்த நாட்டில் எந்த இனத்திலும் இல்லை. அந்த ஒரு விசயத்தில் மட்டும் கிளிநொச்சிக்காரனும் மாத்தறைக்காரனும் ஒரே பக்கம். திட்டுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் திட்டி முடித்துவிட்டு அப்படியே படுத்துவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பரந்தன் பக்கம் கொமினிக்கேசன் வைத்திருப்பதால் பாஸ்போட் கொப்பி எடுக்க, ரிக்கற் பிரின்ற் எடுக்க என்று வருகிறவர்களின் கதை எல்லாம் என் காதில் விழும். பிளேன் பிந்தி வானுக்கு இரண்டு மடங்கு காசு கொடுத்தவர், பெட்டி உடைந்து வந்தவர், பெட்டியே வராதவர் எல்லாரும் வருவார்கள். "எங்கேயாவது எழுதிக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டால், "உவங்களுக்கு எழுதி என்ன வரப்போகுது தம்பி" என்பதுதான் பதில்.

சிலவேளை வரும். எழுதவேண்டிய முறையில், எழுதவேண்டிய நாளுக்குள் எழுதினால் வரும்.

முதலில் ஒன்றைப் பிரித்து வையுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு கோபம். ஒன்று, உங்களுக்கு நேர்ந்த நட்டம்: பிந்திய நேரம், தொலைந்த பெட்டி, செலவான காசு. மற்றது, அந்த நிறுவனத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்த தலைமை மேல் உள்ள கோபம். இரண்டுக்கும் விலாசம் வேறு, சட்டம் வேறு, எழுதும் பாசையும் வேறு. எங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டு வரும் கடிதங்களில் முதல் பக்கம் முழுக்க ஊழல், களவு, அமைச்சரின் சொந்தக்காரர், பிறகு கடைசி இரண்டு வரியில் "என் பெட்டியையும் காணவில்லை" என்று இருக்கும். நட்டஈட்டுப் பிரிவில் இருப்பவர் முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிடுவார். பெட்டிக் கடிதத்தில் பெட்டி மட்டும் இருக்கட்டும். ஊழல் கடிதத்துக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டில் இருந்து வெளிக்கிட முதல்

ரிக்கற்றை ஏஜென்சியில் போடும்போது உங்கள் போன் நம்பரும் ஈமெயிலும் புக்கிங்கில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் ஏஜென்சி தன்னுடைய நம்பரையே போட்டுவிடும். நேரம் மாறினால் மெசேஜ் ஏஜென்சிக்குப் போகும், ஏஜென்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருப்பார், நீங்கள் வானில் புத்தளம் தாண்டியிருப்பீர்கள். கொழும்பில் இருப்பவருக்கு ஆறு மணி நேரத் தாமதம் என்றால் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டு வரலாம். கிளிநொச்சியில் இருந்து இரவு வெளிக்கிட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஏ9 வழியாக வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம் என்று இறங்கிப் போகிறவருக்கு அந்த ஆறு மணி நேரம் எங்கே? வானுக்குள்தான். அதனால் புக்கிங்கில் உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டை வாங்கி, விமான சேவையின் இணையத்தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், உங்கள் நம்பர் இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். வெளிக்கிடும் அன்று இன்னொருமுறை பாருங்கள். ஸ்ரீலங்கன் என்றால் 1979 என்ற இலக்கத்துக்கு அடித்தும் கேட்கலாம். எயார் லங்கா என்ற பழைய பெயரில் அது தொடங்கிய வருசத்தையே தொலைபேசி இலக்கமாக வைத்திருக்கிறார்கள், மறக்காது.

பெட்டியைப் பூட்டு முன் திறந்தபடி ஒரு போட்டோ, பூட்டியபின் வெளியில் ஒரு போட்டோ. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அதையும் போட்டோ எடுங்கள். மகளுக்குக் கொண்டுபோகும் மிளகாய்த்தூள், புழுக்கொடியல், கருவாடு என்று எழுத வெட்கப்பட வேண்டாம், அவற்றுக்கும் விலை உண்டு. புதிதாக வாங்கிய சேலை, சட்டை இருந்தால் பில்லை எறியாதீர்கள். நகை, காசு, மருந்து, பத்திரங்கள் மட்டும் எக்காரணம் கொண்டும் பெட்டிக்குள் வேண்டாம், கைப்பையில். அவை பெட்டியோடு போனால் விமான சேவைகள் பொறுப்பேற்க மறுப்பதற்குத் தங்கள் நிபந்தனைகளில் இடம் வைத்திருக்கின்றன.

கவுண்டருக்கு முன்னால்

தாமதம் என்று பலகையில் விழுந்ததும் பலகையைப் போட்டோ எடுங்கள், நேரம் தெரியும்படி. பிறகு கவுண்டருக்குப் போய்க் காரணத்தைக் கேளுங்கள், எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மாட்டோம் என்பார்கள். பரவாயில்லை, சொன்ன காரணத்தையும் நேரத்தையும் போனில் குறித்து உங்களுக்கே ஒரு மெசேஜ் அனுப்பி வையுங்கள். முதலில் "இயந்திரக் கோளாறு" என்று சொன்னது ஒரு மாதம் கழித்து வரும் கடிதத்தில் "காலநிலை" என்று மாறியிருந்தால் அந்த மெசேஜ்தான் உதவும்.

சாப்பாடு கேளுங்கள். இரவு தங்கவேண்டி வந்தால் தங்குமிடம் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் காசில் அளவாகச் செலவழித்து ஒவ்வொன்றுக்கும் பில் வாங்குங்கள். அளவாக என்றால் சோறும் தண்ணீரும் சாதாரண அறையும். கோபத்தில் நட்சத்திர ஹோட்டலில் போய்ப் படுத்தால் அந்தக் காசு உங்கள் தலையில்தான்.

வன்னிக்காரர் எல்லாரும் விடுகிற ஒன்று வான் காசு. உங்களை ஏற்ற வந்த வான் பிளேன் பிந்தியதால் கட்டுநாயக்கவில் காத்திருந்தால் அதற்கு மேலதிகமாகக் கொடுத்தது தாமதத்தால் வந்த நட்டம். ஆனால் "அண்ணை பத்தாயிரம் கூடக் குடுத்தனான்" என்ற வாய்ச்சொல்லை எந்தக் கம்பனியும் எடுக்காது. சாரதியிடம் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்: திகதி, வான் இலக்கம், எத்தனை மணியில் இருந்து எத்தனை மணிவரை காத்திருந்தது, எவ்வளவு, கையெழுத்து. காசு கட்டியவர் பயணியாக இருந்தால் நல்லது, துண்டும் பயணியின் பெயரில் இருக்கட்டும். தரமாட்டோம் என்று இழுப்பார்கள்தான், ஆனால் எழுத்தில் இல்லாததைக் கேட்கவே முடியாது.

இன்னொன்று. வவுச்சர் ஒன்றை நீட்டி, ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால் வாசித்துவிட்டு வையுங்கள். "இதற்கு மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற மாதிரி வசனம் இருந்தால் வைக்க வேண்டாம். விளங்காத பாசையில் இருந்தால் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் போட்டு அனுப்பிக் கேளுங்கள், வரிசை பின்னால் நின்று கத்தினால் கத்தட்டும்.

கவுண்டரில் நிற்கும் பிள்ளையை ஏசாதீர்கள். பிளேன் வாங்க எயார்பஸ் கம்பனியோடு ஒப்பந்தம் போட்டது அந்தப் பிள்ளை இல்லை. அதோடு, அடுத்த பிளேனில் யாரை ஏற்றுவது என்று கணினியில் தட்டுவதும் அந்தப் பிள்ளைதான்.

பெட்டி வரவில்லை, அல்லது உடைந்து வந்தது

பெட்டி போடும்போது ஒரு நீள ஸ்ரிக்கரைப் பெட்டிக் கைபிடியில் சுற்றிவிட்டு, அதன் சின்னத் துண்டு ஒன்றை உங்கள் போடிங் பாஸின் பின்னாலோ பாஸ்போட்டிலோ ஒட்டித் தருவார்கள். கோடுகளும் பத்து இலக்கமும் உள்ள துண்டு. ஊருக்கு வந்ததும் எல்லாரும் முதல் வேலையாக அதைத்தான் கிழித்து எறிகிறார்கள், பாஸ்போட் வடிவில்லாமல் இருக்கிறதாம். அதை எறிந்தால் உங்களுக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள தொடர்பை நிறுவுவதற்குப் பிறகு தலையால் நடக்க வேண்டும்.

பெட்டி சுற்றும் பட்டி நின்றுவிட்டது, உங்கள் பெட்டி இல்லை என்றால் சுங்கம் தாண்டி வெளியே வராதீர்கள். வெளியே சொந்தக்காரர் பூமாலையோடு நிற்பார்கள், குழந்தை அழும், சாரதி போன் அடித்துக்கொண்டே இருப்பார், நிற்கட்டும். உள்ளேயே பொதிகளுக்கான கவுண்டர் இருக்கிறது. அங்கே முறைகேட்டு அறிக்கை ஒன்று எழுதித் தருவார்கள், பி.ஐ.ஆர். என்று சொல்வார்கள். மேலே ஐந்து எழுத்தும் ஐந்து இலக்கமும் உள்ள ஒரு குறியீடு இருக்கும், கொழும்பில் எழுதினால் அது சி.எம்.பி. என்று தொடங்கும். அந்தக் கொப்பி இல்லாமல் வெளியே வரவே கூடாது. பெட்டி உடைந்து வந்தாலும் இதே கவுண்டர்தான். முகவரி எழுதும்போது வீட்டு இலக்கம் இல்லாத ஊர்க்காரர் பிரதேச செயலகப் பிரிவு, அருகில் உள்ள பாடசாலை அல்லது கோயில், இரண்டு போன் நம்பர் என்று எழுதுங்கள். "புதுக்குடியிருப்பு" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் பெட்டி கிடைத்தாலும் கொண்டுவந்து தருகிறவர் சந்தியில் நின்று முழிப்பார்.

பிறகு நாள் கணக்கு. மொன்றியல் உடன்படிக்கை என்று 1999-இல் செய்த சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. இலங்கையும் அதில் சேர்ந்துவிட்டது. இந்த நாட்களை அதுதான் வைத்திருக்கிறது. பெட்டி உடைந்திருந்தால் கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தி வந்திருந்தால் கிடைத்த நாளில் இருந்து 21 நாளுக்குள். வரவேண்டிய நாளில் இருந்து 21 நாள் போயும் வரவேயில்லை என்றால் தொலைந்ததாகக் கணக்கு, முழு நட்டஈடு கேட்கலாம். வழக்கு வைப்பதென்றால் 2 வருசத்துக்குள். பிரான்சில் இருந்து வந்த எங்கள் பக்கத்து மாமி ஒருவரின் பெட்டிக்குச் சில்லும் இல்லை, பூட்டும் இல்லை. திருவிழா முடியட்டும் என்று இருந்துவிட்டு வந்தார். 7 நாள் என்பது திருவிழா பார்க்காது. விமான நிலையத்தில் அறிக்கை எழுதியாயிற்றே என்று இருந்துவிடாமல் ஈமெயிலிலும் ஒரு முறைப்பாடு கட்டாயம் போடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? பொதிக்கு ஆகக்கூடியது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். 2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை, அதற்கு முன் 1,288. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, 1,519 என்பது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலரும் கொஞ்சமும். இது உச்ச வரம்பு, எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்கும் தொகை இல்லை. உங்கள் நட்டத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும், அதற்குத்தான் அந்தப் போட்டோவும் பில்லும். பெட்டி பிந்தி வந்தால் இடையில் உடுக்க வாங்கிய சட்டை, சோப், பற்பசைக்கும் கேட்கலாம்.

பயணிக்கு வந்த தாமதத்துக்கும் இதே உடன்படிக்கையில் இடம் உண்டு, உச்சம் 6,303 எஸ்.டி.ஆர். ஆனால் செய்யக்கூடிய எல்லாம் செய்தோம் என்று கம்பனி நிறுவினால் தப்பிவிடும். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதி வீணாக்காதீர்கள். அதற்குக் காசு கிடைப்பது கடினம், மற்ற நியாயமான கணக்கையும் அது பகிடி ஆக்கிவிடும்.

லண்டனில், பாரிசில் இருந்து வருகிறவர்களுக்கு

இதை உங்கள் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்புங்கள், அவர்களுக்குத்தான் பெரிய காசு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 261 என்று ஒரு ஒழுங்குவிதி உண்டு, பிரித்தானியாவும் விலகியபிறகு அதைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. ஐரோப்பாவில் அல்லது பிரித்தானியாவில் உள்ள விமான நிலையத்தில் இருந்து புறப்பட்டால் போதும், எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் அது பொருந்தும். ஸ்ரீலங்கனும் அடக்கம். கொழும்புக்கு வந்து சேர்ந்த நேரம் 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தியிருந்தால், அல்லது 14 நாளுக்குக் குறைந்த அறிவித்தலில் பறப்பை ரத்துச் செய்திருந்தால், இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ, லண்டனில் இருந்து என்றால் 520 பவுண். தாமதம் 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் என்றால் பாதியாகக் குறைக்கலாம். ரிக்கற் காசு கட்டிய குழந்தைக்கும் அதே தொகை. நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் பாருங்கள்.

இதில் நட்டத்தைக் காட்டவும் தேவையில்லை. பிந்தியது என்பதே போதும். கம்பனி தப்புவதற்கு ஒரே வழி, அசாதாரண சூழ்நிலை என்று காட்டுவது: புயல், வான்வெளி மூடல், பறவை மோதல் மாதிரி. சாதாரண இயந்திரக் கோளாறு அதற்குள் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 2024 பெப்ரவரியில் லாகூரில் இருந்து வந்த ஸ்ரீலங்கன் விமானத்துக்குள் எலி ஓடி, அதைப் பிடிக்கும்வரை மூன்று நாள் அந்த விமானத்தை நிறுத்தி வைத்தார்களே, எலி எந்தப் பக்கம் விழும் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

கொழும்பில் இருந்து லண்டனுக்குத் திரும்பிப் போகும்போது ஸ்ரீலங்கன் பிந்தினால் இந்த விதி வராது, அங்கே மொன்றியல் மட்டும்தான். ஐரோப்பியக் கம்பனி என்றால் இரண்டு பக்கமும் வரும். லண்டனில் ஏறி டுபாயிலோ டோகாவிலோ மாறி வருகிறவர்கள், முழுவதும் ஒரே புக்கிங் என்றால், நடுவில் தவறிய பிளேனுக்கும் சேர்த்துக் கேட்கலாம். தனித்தனி ரிக்கற் வாங்கியிருந்தால் இல்லை. சும்மா நூறு பவுண் லாபம் என்று இரண்டு துண்டாக ரிக்கற் போடும் ஆட்கள் இதை யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் 6 வருசம் வரை, பிரான்சில் 5 வருசம் வரை பழைய தாமதத்துக்கும் கேட்கலாம், எனவே பழைய ஈமெயிலைக் கிண்டிப் பாருங்கள். இதை வாங்கித் தருகிறோம் என்று கமிசனுக்கு வேலை செய்யும் கம்பனிகள் இருக்கின்றன. ஆனால் படிவம் நீங்களே நிரப்பக்கூடியதுதான், எதற்கு ஒரு பங்கை விடுவான்.

கடிதம்

ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டாம். இப்படி:

"பறப்பு இலக்கம் ........, திகதி ........, புக்கிங் குறியீடு ......... புறப்பட வேண்டிய நேரம் ........, புறப்பட்ட நேரம் ........, சேர்ந்த நேரம் ......... கவுண்டரில் சொல்லப்பட்ட காரணம் ......... இதனால் எனக்கு ஏற்பட்ட செலவுகள்: உணவு ரூபா ........, தங்குமிடம் ரூபா ........, வாகனம் காத்திருப்பு ரூபா ......... மொத்தம் ரூபா ......... பற்றுச்சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. மொன்றியல் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரையின் கீழ் இத்தொகையைக் கோருகிறேன். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

அவ்வளவுதான். பெட்டி உடைந்தது, தொலைந்தது என்றால் 17ஆம் உறுப்புரை, அறிக்கைக் குறியீட்டையும் ஸ்ரிக்கர் இலக்கத்தையும் சேருங்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, எழுதுங்கள். ஆனால் நட்டஈட்டுப் பிரிவில் வேலை நடப்பது ஆங்கிலத்தில். கூடவே ஒரு ஆங்கிலப் பிரதி வைத்தால் "மொழிபெயர்ப்புக்குப் போயிருக்கிறது" என்ற சாட்டு இருக்காது. இணையத்தளத்தில் உள்ள முறைப்பாட்டுப் படிவத்தில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று, பதிவுத்தபாலில் ஒன்று. பதிவுத்தபால் துண்டை கடிதத்தின் கொப்பியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மூலப் பில்லை அனுப்ப வேண்டாம், கொப்பி மட்டும்.

பேஸ்புக்கில் முறைப்பாடு போட்டால் சில நிமிடத்தில் கம்பனியின் படத்தோடு ஒரு கணக்கு வந்து "மன்னிக்கவும், உங்கள் நம்பரை இன்பொக்ஸில் தாருங்கள்" என்று கேட்கும். இதில் பல கள்ளக் கணக்கு. வங்கி அட்டை இலக்கமும் போனுக்கு வரும் ஓ.ரி.பி.யும் கேட்டால் அது நட்டஈடு இல்லை, உங்கள் கணக்கைத் துடைக்கும் வேலை.

முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ஒரு நினைவூட்டல், பிறகு கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு முழுக் கோவையையும் அனுப்புங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. ரிக்கற் விற்ற ஏஜென்சியோடு பிரச்சினை என்றால் முதலில் இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். லண்டனில் புறப்பட்ட பறப்பு என்றால் அங்கத்தைய விமான அதிகாரசபை, அதன்பிறகு சிறு கோரிக்கை நீதிமன்றம். வழக்கு என்று வந்தால், ரிட்டர்ன் ரிக்கற்றில் சட்டப்படி சேருமிடம் என்பது தொடங்கிய இடம்தான், அதனால் லண்டனில் ரிட்டர்ன் வாங்கியவர் லண்டனிலேயே வழக்கு வைக்கலாம். இங்கே இருப்பவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு இல்லாமல் ஆலோசனை தருவார்கள்.

சரி, மேலே இருக்கிறவர்கள்

இப்போது மற்றக் கோபம். இதற்கும் வரலாறு கொஞ்சம் தெரிந்தால்தான் கேள்வி கூராக வரும். 1998-இல் டுபாயின் எமிரேற்ஸ் விமானக் கம்பனி இதில் பங்கு வாங்கிப் பத்து வருசம் நிருவாகம் செய்தது. 2007 டிசம்பரில் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் பரிவாரத்துக்கு லண்டனில் இருந்து வரும் நிறைந்த பிளேனில் காசு கட்டிய பயணிகளை இறக்கி இடம் கொடுக்க நிருவாகம் மறுத்தது. தலைமை அதிகாரியாக இருந்த பீற்றர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. அடுத்த வருசம் எமிரேற்ஸ் நிருவாகத்தை விட்டுப் போனது, பிறகு ஜனாதிபதியின் மைத்துனர் தலைவராக வந்தார். 2013-இல் எயார்பஸ்ஸிடம் ஆறு ஏ330, நாலு ஏ350 விமானங்கள் வாங்க ஒப்பந்தம். ஏ350 ஒன்றுகூட வரவில்லை, ரத்துச் செய்யக் காசு கட்டினோம். 2020 ஜனவரியில் எயார்பஸ் பிரித்தானிய நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட விபரங்களில் ஸ்ரீலங்கனும் வந்தது: அதிகாரி ஒருவரின் மனைவியின் கம்பனிக்கு 20 லட்சம் டொலர் போயிருந்தது. அரசாங்கம் பிணை நின்ற 17.5 கோடி டொலர் கடன்பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது திருப்பிக் கொடுக்க முடியவில்லை. 2023-இல் இயந்திரம் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன, தாமதத்துக்கு மேல் தாமதம். விற்கப்போகிறோம் என்றார்கள், ஆட்சி மாறியது, விற்கவில்லை என்கிறார்கள்.

"எங்களுக்கும் அதற்கும் என்ன, நாங்கள் பலாலியால் போகிறோம்" என்று சொல்லாதீர்கள். பலாலியில் இருந்து சென்னைக்குப் பறப்பது இந்தியக் கம்பனிகள், அது வேறு கதை. ஸ்ரீலங்கனின் கடனில் ஒரு பெரிய பங்கு இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் எடுத்தது. விதைப்புக்கு நகை அடகு வைக்க நீங்கள் கிளிநொச்சியில் வரிசையில் நிற்கிற அதே வங்கிகள்.

கருவி: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசாங்கத்துக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனியும் இதற்குள் வரும், ஆகவே ஸ்ரீலங்கன் வரும். இலங்கைப் பிரசை யாரும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதுங்கள். படிவம் இருக்கிறது, ஆனால் வெள்ளைத் தாளிலும் எழுதலாம்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் இப்படிக் களவெடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர்களிடம் அப்படி ஒரு கோவை இல்லை. கோவையில் இருப்பதைக் கேளுங்கள். கடந்த நிதியாண்டில் 3 மணி நேரத்துக்கு மேல் பிந்திய பறப்புகள் எத்தனை, மாதவாரியாக. வந்த பொதி முறைப்பாடுகள் எத்தனை, எத்தனைக்குக் காசு கொடுக்கப்பட்டது, மொத்தம் எவ்வளவு. பணிப்பாளர் சபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொடுத்த கொடுப்பனவும் இலவச ரிக்கற்றும். தமிழில் வந்த முறைப்பாடுகளுக்குத் தமிழில் பதில் எழுத எத்தனை உத்தியோகத்தர். ஒரு விண்ணப்பத்தில் மூன்று நாலு கேள்விக்கு மேல் அடுக்காதீர்கள், ஒன்றைச் சாட்டி மற்றதையும் பிந்த விடுவார்கள்.

பதினாலு வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும். "வர்த்தக இரகசியம்" என்று மறுப்பது வழக்கம். அந்த விலக்கு சட்டத்தில் இருக்கிறது, ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் அதையும் தாண்டிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, மேன்முறையீட்டில் அந்த வரியை எழுதுங்கள். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதில் கிடைத்தால் ஒரு கொப்பியை உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, அரச நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழுவில் எழுப்பச் சொல்லுங்கள். அவர்களுக்கு மேடையில் பேச விசயம் வேண்டும், இலக்கத்தோடு கொடுத்தால் வாங்குவார்கள். மறுப்பு வந்தால் கடிதத்தோடு அது வந்த உறையையும் வைத்திருங்கள். கடிதத்தில் ஒரு திகதி போட்டு இரண்டு கிழமை கழித்துத் தபாலில் சேர்க்கும் பழக்கம் கந்தோர்களில் உண்டு, அப்படி வந்தால் மேன்முறையீட்டு நாளைக் கணக்குப் பார்க்கத் தபால் முத்திரை குத்திய அந்த உறைதான் உங்களிடம் இருக்கும் சாட்சி.